டீச்சரைத் தேடி வந்த ஸ்கேன் வண்டி

ஜெபமலர் டீச்சரின் இடுப்பில் வைத்திருக்கும் உலோக மூட்டோடு ஒரே தொகுதியில் வார்த்த வேறு சில மூட்டுகளில் உள்விரிசல் இருப்பதாக, அவற்றோடு பம்பு மோட்டாரும் செய்யும் தொழிற்சாலையிலிருந்து செய்தி வந்தது. அன்றிலிருந்து அந்த உடற்பயிற்சி ஆசிரியை கட்டிலை விட்டு இறங்கவே பயந்தார். இன்னொரு ஆபரேஷனை அவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

ஒரு காலையில் தொழிற்சாலையின் ஸ்கேன் வண்டி வீட்டு வாசலுக்கே வந்தது. ஆய்வாளர் நூர்தீன் கைக்கருவியோடு உள்ளே வந்தார்.

"பம்பு மோட்டாரச் சோதிக்கிற மிஷினத்தானே எம்மேலயும் வைக்கப்போறிய?" என்று கேட்டார் டீச்சர்.

"அதேதான் டீச்சர். கொஞ்சம் அசையாம இருங்க."

திரையில் மூட்டின் உட்புறம் அடுக்கடுக்காக விரிந்தது. கணவர் தேவசகாயம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நூர்தீன் சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் ஓட்டிப் பார்த்தார்.

"முடியளவு கீறல்கூட இல்ல. நீங்க தாராளமா நடக்கலாம்."

டீச்சர் மெதுவாக ஒரு காலைத் தரையில் ஊன்றினார், பிறகு மறுகாலை. தாங்கிப்பிடிக்க வந்த கணவரின் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"எங்க என் விசில்?"

தேவசகாயம் அழுதுகொண்டே அலமாரியைத் திறந்தார்.