புளூ டிக்

“இது கைதவறி விழுந்த போன் இல்லம்மா. விட்டெறிஞ்ச போன்.”

கடைக்கு வந்த கல்லூரிப் பெண் திடுக்கிட்டாள். “எப்படிண்ணா தெரியும்?”

“தவறி விழுந்தா மூலையில விரியும். வீசினா நடுநெத்தியில விரியும்” என்றார் போன் ரிப்பேர்காரர், கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமல். உடைந்த கண்ணாடியை வைத்தே எந்த வீட்டில் என்ன சண்டை என்று சொல்லிவிடும் ஆசாமி. “சுவரா, தரையா?”

“பீரோ.”

“கோபம் யார் மேல? பீரோ மேல இருக்காது.”

அவள் உதட்டைக் கடித்தாள். “ஃபிரெண்டு மேல. சீக்கிரம் மாத்திக் குடுங்க. அவ மூக்கு ஒழுக அழற போட்டோ ஒண்ணு இதுல இருக்கு. அதை கிளாஸ் குரூப்ல போட்டுட்டு, அவளை பிளாக் பண்ணணும்.”

“அடேயப்பா! அப்படி என்ன பண்ணிட்டா?”

“சண்டை. தப்பு என்மேலதான். அதான் நானே இறங்கி வந்து மெசேஜ் போட்டேன். படிச்சிட்டா. புளூ டிக் விழுந்துடுச்சு. காலேஜும் லீவு. மூணு நாளாச்சு, ஒரு வார்த்தை இல்ல.”

“போன் பண்ணிக் கேட்டியா?”

“இப்பல்லாம் யாருண்ணா போன்ல பேசறாங்க?”

போனை நம்பிக் கடை வைத்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “சரி, வீடு?”

“பக்கத்துத் தெருதான். படிச்சிட்டும் பதில் போடாதவ வீட்டு வாசல்ல நான் எதுக்குப் போய் நிக்கணும்?”

“நியாயம்தான். அப்படி என்னதான் எழுதின?”

“‘சாரிடி பூசணி’ன்னு. அவளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.”

ஸ்க்ரூடிரைவர் நின்றது. “டிக் என்னிக்கு விழுந்துச்சு?”

“செவ்வாய்க்கிழமை காலையில, பதினொண்ணே கால்.”

“நிமிஷம்கூட ஞாபகமா!”

“விடிஞ்சதிலேர்ந்து அதையேதானே பாத்துட்டிருந்தேன்.”

அவர் பிடரியைச் சொறிந்துகொண்டார். புது டிஸ்பிளேவைப் பொருத்தி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினார். “பசை காய ஒரு மணி நேரம் ஆகும்.”

“ஒரு மணி நேரமா? அதுக்குள்ள என் கோபம் ஆறிடும்ணா!”

“கோபத்துக்கெல்லாம் நான் வாரண்டி தர்றதில்ல. சும்மா நிக்கிற நேரத்துல ஒரு உதவி பண்ணு. பக்கத்துத் தெருவுல ஒரு போனைக் குடுத்துட்டு வா. இதுவும் நடுநெத்தியில விரிசலோட வந்ததுதான். ஸ்பீக்கர் இன்னிக்குத்தான் கிடைச்சுது. அஞ்சு நாளா என்கிட்டயே கிடக்கு.”

இழுப்பறையிலிருந்து அவர் எடுத்த போனில் மஞ்சள் வாத்து போட்ட உறை. அவள் போனுக்கும் அதே வாத்துதான். இரண்டையும் அவளும் தோழியும் சேர்ந்து போய் வாங்கியிருந்தார்கள்.

“அண்ணா... இது அவளோடது!”

“டிஸ்பிளே மாத்தினதும் டச் வேலை செய்யுதான்னு, மேல வந்து நின்ன மெசேஜைத் தொட்டுப் பாத்தேன்” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “செவ்வாய்க்கிழமை பதினொண்ணே காலுக்கு அதைப் படிச்ச பூசணி, நான்தாம்மா.”