இரண்டு மணி நேரக் கரடி

“ஷாம்பூவை யாராவது ஸ்ட்ரா போட்டுக் குடிப்பாங்களா சார்?”

கேட்டவர் பொழுதுபோக்குப் பூங்காவின் செக்யூரிட்டி அதிகாரி. பதில் சொல்ல வேண்டியவன், ராட்டினத்துக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தபோது கையும் பாட்டிலுமாகப் பிடிபட்டவன். மனைவி, மகள், மாமனார் என்று குடும்ப சமேதராகக் காலையில்தான் உள்ளே வந்திருந்தான்.

அதிகாரியின் மேசைமேல் அன்றைய வேட்டை வரிசையாக நின்றது. ஒரு தலை எண்ணெய் பாட்டில், ஒரு இருமல் மருந்து பாட்டில், ஒரு குழந்தையின் பால் பாட்டில். எதிலும் உள்ளே இருக்க வேண்டியது இல்லை. நாலாவதாக இவனுடைய ஷாம்பூவும் போய்ச் சேர்ந்தது.

“நீங்களே உள்ள கடை போட்டு பீர் விக்கறீங்களே சார்!”

“குடிக்கறது தப்புன்னு நாங்க எங்க சொன்னோம்? எங்ககிட்ட வாங்காம குடிக்கறதுதான் தப்பு.” சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நேர்மை!

“சரி சார். என்ன தண்டனை?”

“ரெண்டு இருக்கு. ஒண்ணு, ஒலிபெருக்கியில உங்க பேரு, ஊரு, எந்த பாட்டில்ல கொண்டு வந்தீங்கன்னு எல்லாத்தையும் மூணு தடவை வாசிச்சு, குடும்பத்தோட வெளியே அனுப்பிடுவோம்.”

மாமனார் கண்முன் வந்து நின்றார். குடி என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் மனிதர். அடுத்த தெருவில் வீடு. தினமும் மாலை இவன் ஆபீசிலிருந்து வரும் நேரம் பார்த்து வாசலில் ஆஜராகிவிடுவார்.

“எங்க, ஊதுங்க மாப்பிள்ளை!”

போன மாதம் ஒருநாள் ஊதி மாட்டிக்கொண்டான். ‘இன்னொரு தடவை வாடை வந்துச்சு, என் பொண்ணையும் பேத்தியையும் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்’ என்று கறாராகச் சொல்லிவிட்டார். மனைவியும் அப்பா கட்சிதான். அன்று அடுக்கிய பெட்டியை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை.

“ஐயையோ, ஒலிபெருக்கி வேணாம் சார். என் குடும்பமே போயிடும். ரெண்டாவது என்ன?”

“பொம்மை உடுப்பு. ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டுக் குழந்தைங்களுக்குக் கை கொடுக்கணும், ஆடணும், போட்டோவுக்கு நிக்கணும். முன்னெல்லாம் சம்பளத்துக்கு ஆள் வெச்சிருந்தோம். மது விதியைக் கடுமையாக்கினதுல இருந்து அந்தச் செலவே மிச்சம்!”

“என்ன உடுப்பு?”

“யானை, முயல், புலி எல்லாம் போயாச்சு. கரடிதான் பாக்கி. உள்ளேயிருந்து மூச்சு விடலாம், பேசக் கூடாது. ஒரு பொம்மை யாருன்னு வெளியே தெரிஞ்சா, அத்தனை பொம்மைக்கும் அங்கேயே தலையைக் கழட்டிடுவோம். அப்புறம் ஒலிபெருக்கிதான்.”

அடுத்த நிமிடமே கரடியானான்.

உள்ளே ஒரே புழுக்கம். போன வாரத்துக் கரடிகளின் வியர்வையெல்லாம் அதிலேயே குடியிருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரத்தை எப்படியோ ஆடித் தீர்த்துவிட்டான். இன்னும் பதினைந்தே நிமிடம். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“அம்மா, கரடி! பக்கத்துல யானை!”

அவன் மகள். பின்னாலேயே மனைவி, கையில் செல்போனோடு. மகள் ஓடிவந்து வயிற்றைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட வேகத்தில் கரடியின் ரோமத்திலிருந்து புழுதி கிளம்பி நேராக அவன் மூக்குக்குள் போனது.

அவனுடைய தும்மல் பிரசித்தமானது. வந்தால் மூன்றாகத்தான் வரும். மூன்றாவதன் வாலில் ‘ஐயோ சாமி!’ என்று ஒரு அலறல் வேறு. ‘நீங்க தெருமுனையில தும்மினா போதும், நான் இங்க கதவைத் திறந்துடுவேன்’ என்பாள் மனைவி.

“ஹச்!”

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். “என்னடி இது, உங்கப்பா தும்மின மாதிரியே இருக்கு?”

கரடியை அவள் மேலும் கீழும் பார்த்தாள். ஒரு அடி கிட்டே வந்தாள். தொலைந்தோம் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவது தும்மல் மூக்கு நுனிக்கே வந்துவிட்டது.

அந்த நொடியில் பக்கத்திலிருந்த யானை துள்ளிக் குதித்தது. தொண்டை கிழியப் பிளிறிக்கொண்டு, தொப்பை குலுங்கக் குலுங்க ஆடியது. அடுத்த இரண்டு தும்மலும், ஐயோ சாமியும், அந்தப் பிளிறலில் போன இடம் தெரியவில்லை. மகள் கைதட்டினாள். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த யானை மட்டும் நன்றாக இருக்க வேண்டும் என்று அவன் மனதார வாழ்த்தினான்.

கரடியையும் யானையையும் நெருங்கி நிற்க வைத்து, நடுவில் மகளை நிறுத்தி, தானும் தலையை நீட்டி செல்பி எடுத்தாள் மனைவி. படத்தைப் பார்த்தவள் பெருமூச்சு விட்டாள்.

“ஐஸ்கிரீம் வாங்கிட்டு வர்றேன்னு போன உங்கப்பாவையும் காணோம், இருமலுக்கு மருந்து குடிச்சிட்டு வர்றேன்னு போன தாத்தாவையும் காணோம். அவங்களும் இருந்திருந்தா மொத்தக் குடும்பமும் ஒரே போட்டோவுல வந்திருக்கும். வாடி, தேடலாம்.”

இருவரும் நகர்ந்ததும், யானை மெல்லச் சாய்ந்து கரடியின் காதில் கிசுகிசுத்தது.

“இன்னும் பத்து நிமிஷம் தும்மலை அடக்குங்க மாப்பிள்ளை. இனிமே உங்களை நான் ஊதச் சொல்லவே மாட்டேன்!”