துணைக்கு ஒரு ராணி

தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் தொங்கும் அளவு டேப்போடு என் மனைவி போனில் மூன்று நிமிடச் செஸ் ஆடுகிறாள். துணி வெட்டுகிற அதே வேகம். அவள் குதிரை பாய்ந்த பிறகுதான் எதிராளிக்கு விஷயமே புரிகிறது. திரையில் விழும் ஜன்னல் வெயிலை உள்ளங்கையால் மறைத்துக்கொள்கிறாள். எதிராளிக்கு மிச்சம், மூலையில் ஒடுங்கிய ராஜா மட்டும். ஜெயித்தால் இவளுக்கு முதல்முறையாக ஆயிரத்தைந்நூறு புள்ளி. "ராணியை வச்சு முடிச்சிடேன்," என்கிறேன். "இருங்க, பாவம், ஒத்தையா நிக்கறா. துணைக்கு ஒருத்தி வரட்டும்." சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளி இன்னொரு ராணியை எடுக்கிறாள். செக்கும் இல்லை, ராஜாவுக்கு நகர இடமும் இல்லை, ஆட்டம் டிரா. "இந்த வாரத்துல இது நாலாவது," என்கிறேன். முறைத்துக்கொண்டே அடுத்த ஆட்டத்தைத் தட்டுகிறாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன், துணைக்கு.