பூவுக்குக் கீழே

“அப்பா இந்தக் கடைக்குப் போகாதை எண்டுதான் சொன்னவர். உங்கட எழுத்து வடிவெண்டு நான் களவாய் வந்தனான், நஜீம் நானா” என்று சிரித்தாள் தயாளினி.

வவுனியாவில் நஜீமின் ஸ்டிக்கர் கடை அது. மேசையில், அவளுக்குச் சீதனமாக வந்த பழைய தையல் மெசின்.

“என்ரை பேரைச் சிவப்பிலை ஒட்டுங்கோ.”

நஜீம் எழுத்துகளை வெட்டிவைத்துவிட்டு, மெசினில் இருந்த பூ ஸ்டிக்கரை உரித்தார். அதன் கீழே பச்சையில் இன்னொரு பெயர்: றிம்ஸியா. மனைவிக்காக அவரே வெட்டி ஒட்டியது.

“அப்பாட பேரென்ன பிள்ளை?”

“ஜனார்த்தனன். தண்ணீரூற்று.”

பதினொரு வருடங்களுக்கு முன், முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது அந்த மெசினை நஜீம் ஒப்படைத்துவிட்டு வந்த சிநேகிதன்.

‘மெசினை ஆரோ களவெடுத்திட்டாங்கள்’ என்று அவன் எழுதிய கடிதத்துக்கு நஜீம் அன்றைக்கே பதில் போட்டிருந்தார்:

‘மெசின் போனால் போகட்டும். நீ கவலைப்படாதை மச்சான்.’