முதல் பாகத்துக் காவலாளி

படம் தொடங்கி உளவாளி வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது பழைய தமிழ்க் குரல் இல்லை.

சேனல்காரர்கள் மொத்தப் படத்தையும் புதிதாக டப்பிங் செய்திருந்தார்கள்.

நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு பூசைக்குப் போட்டுப்போன உடையோடு ஸ்டெஃபி டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அப்பாவான என் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது என் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். மில்லில் இது ஒரு குறையே இல்லை. அந்த இயந்திரச் சத்தத்தில் அங்கே யாருமே பேசுவதில்லை.

வீட்டில் என் குரல் எதிலும் பதிவாகி இல்லை. பழைய செல்போன் ஆஸ்பத்திரி வார்டில் தொலைந்தது. கல்யாண வீடியோ முழுக்க சினிமாப் பாட்டு. நான் வாயசைக்கிறேன், யாரோ பாடுகிறார்.

மிச்சமிருந்தது இந்தப் படம்தான்.

கல்யாணத்துக்கு முன்பு கொஞ்ச காலம் சென்னையில் டப்பிங் வேலை பார்த்தேன். பெரும்பாலும் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துவது. தனியாகப் பேசியது இதில் மட்டும். எதிரியின் மாளிகை வாசலில் உளவாளியை ஒரு காவலாளி மறிப்பான். "நில்லு. உன்னை உள்ளே விடச் சொன்னது யார்?" என்பான். அடுத்த நிமிடம் செத்துப்போவான். அவன் குரல் நான்.

அதற்குப் பிறகு பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் போனில் கிடைக்கிறது. முதல் பாகத்துக்கு மட்டும் அதில் தமிழ் இல்லை. டிவியில் போடப்போகிறார்கள் என்று விளம்பரம் பார்த்தது என் மனைவி நிர்மலா. அன்றிலிருந்து அந்த வரியை ஸ்டெஃபிக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஸ்டெஃபி அதைச் சொல்லி நாயை மறித்தாள். பால்காரரை மறித்தாள்.

பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் அக்காவும் வந்திருந்தார். வறுத்த கடலையை மடியில் வைத்துக்கொண்டு திரையில் என் முகத்தைத் தேடினார்.

"ஏம்மா, உன் வூட்டுக்காரரு எப்ப வருவாரு? இந்த வெள்ளக்காரன் மூஞ்சியவே எவ்ளோ நேரம் பாக்கறது?"

"அவரு மூஞ்சி வராதுக்கா. பேச்சு மட்டுந்தான்."

"மூஞ்சி வராத படத்துக்கா கடல வறுத்த?"

நிர்மலா சிரித்தபடியே எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். பொம்மிடியில் ரயில் பாதையை ஒட்டிய வீடு எங்களுடையது. வண்டி போனால் ஒன்றும் காதில் விழாது. எந்த நேரத்தில் எது வரும் என்று யாரிடமோ விசாரித்து வைத்திருந்தாள். கூட்ஸ் வண்டிக்கு மட்டும் நேரம் கிடையாது. அதுதான் அவள் பயம்.

உளவாளி ஒரு சந்தில் அடி வாங்கிக்கொண்டிருந்தான். முதல் பாகத்தில் நன்றாக அடி வாங்குவான். பயப்படுவான். பின்னால் வந்த பாகங்களில் மலையிலிருந்து விழுந்தாலும் சட்டை கசங்காது.

நான் சிலேட்டை எடுத்தேன். வீட்டில் நான் பேசுவது அதில்தான். 'இது வேற ஆளுங்க பேசினது' என்று எழுதி ஸ்டெஃபியின் முன்னால் நீட்டினேன்.

"அப்பா, கைய ஆட்டாத. மறைக்குது," என்றாள் ஸ்டெஃபி. "நீ வரப்போற."

அழித்துவிட்டேன்.

மாளிகை வந்தது. இரும்புக் கேட் வந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எதுவும் வரவில்லை. நிர்மலா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"நில்லு. உன்னை உள்ளே விடச் சொன்னது யார்?"

வார்த்தை மாறவில்லை. குரல் யாருடையதோ. கனமான, தெளிவான குரல். என்னுடையது இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. கொஞ்சம் மூக்கால் பேசுவேன். அதற்காகவே எனக்கு அதிக வேலை கிடைக்கவில்லை.

ஸ்டெஃபி திரும்பி என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதுவா நீ?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஆமாண்டி, உங்கப்பாதான்," என்றாள் நிர்மலா.

"பரவாயில்லியே," என்றார் குள்ளம்மாள் அக்கா. "இன்ஸ்பெக்டராட்டம் இல்ல மெரட்டறாரு."

நிர்மலாவின் சமயோசிதம் எனக்கு வராது. யோசிக்காமல், முகம் மாறாமல், குழந்தைக்காகச் சொல்லிவிட்டாள். அவளிடம் பிறகு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். திரையில் காவலாளியைச் சுட்டார்கள். விளம்பரம் போட்டார்கள்.

"அப்பா செத்துட்டாரு," என்று கத்திக்கொண்டு ஸ்டெஃபி தெருவுக்கு ஓடினாள், தோழிகளிடம் சொல்ல. இனி பார்க்க ஒன்றுமில்லை என்று குள்ளம்மாள் அக்காவும் கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பொய் சொல்லிச் சமாளிக்க வேண்டிய ஆள் யாரும் இல்லை.

நிர்மலா டிவியை அணைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்படியே இருக்குதுங்க," என்றாள். "உங்க கொரல எங்க மறந்துட்டேனோன்னு இத்தன நாளா பயந்துக்கிட்டே இருந்தேன்."