வட்டமாய்ப் போட்ட நாற்காலிகள்

“மேடையே வேண்டாம்மா. நாற்காலிய வட்டமா போட்டுடலாம். பேட்ஜ்ல பேரு மட்டும் போதும். என்ன வேலைன்னும் எழுதினா, பாதிப் பேர் வாயே திறக்க மாட்டாங்க.”

மாநாட்டில் ஏழை, பணக்காரர் பேதம் பற்றிய கலந்துரையாடலுக்குப் பொறுப்பாளரான அவள், அவர் சொன்னதை ஒன்று விடாமல் குறித்துக்கொண்டாள்.

“முதல்ல யாரைப் பேசவிடலாம் சார்?”

“எப்பவும் பேசாதவங்களை.”

“பிரமாதம், புரொபசர்! நாளைக்குப் பேச வேண்டியவர், முந்தின நாளே வந்து இவ்வளவு சொல்றீங்களே!”

“புரொபசரா? நானா?” அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினார். “வாடகை நாற்காலி கொண்டுவந்தவன்மா. ஐம்பதும் இறக்கியாச்சு, கையெழுத்துப் போடுங்க. இருபது வருஷமா ஓரமா நின்னு எத்தனை கூட்டம் பாத்திருக்கேன்!”

அசடு வழியக் கையெழுத்திட்டவள், பேட்ஜ் ஒன்றை எடுத்தாள்.

“உங்க பேர் சொல்லுங்க.”

“எனக்கெதுக்கும்மா?”

“நாளைக்கு முதல்ல பேசப்போறது நீங்கதானே!”