யூனுஸின் தட்டு

பனியாற்றங்கரைக் கற்குவியலில் கட்டிய அலுமினியத் தட்டுகள் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. இந்த மலையில் செத்தவன் எந்தத் தட்டில் சாப்பிட்டானோ அதிலேயே ஆணியால் துளைதுளையாக அவன் பெயரைக் குத்தி மாட்டிவிடுவார்கள். இத்தாலிக்காரன், ஜப்பான்காரன், அவர்கள் சுமையைத் தூக்கிப்போன உள்ளூர் பல்திக்காரன் என்று, சிகரத்தில் ஏறப்பார்த்தவர்களின் கதை முழுக்க இங்கேதான் தொங்குகிறது. சமையற்காரன் ஃபிதா, அண்ணன் யூனுஸின் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பனிச்சரிவு யூனுஸைக் கொண்டுபோய் நான்கு நாளாகிறது. உச்சியில் இன்னும் மஞ்சள் வெயில். இங்கே நிழல் விழுந்துவிட்டது.

"குடுடா, நான் குத்துறேன்," என்கிறான் தகி. யூனுஸோடு ஏறித் தனியாக இறங்கியவன் அவன். விரல்களில் கட்டு.

"ஓட்டை போட்டுட்டா அண்ணன் எதுல சாப்பிடுவாரு?"

"ஃபிதா, என் கண்ணால பாத்தேன்டா. அறுந்த கயிறு என் கையிலதான் இருந்துச்சு."

ஃபிதா எழுந்து சமையல் கூடாரத்துக்குப் போய், அடுப்பிலிருந்த பருப்பை அந்தத் தட்டு நிறைய ஊற்றிக்கொண்டு வருகிறான்.

"உக்காருங்க தகி அண்ணே. பருப்பு தண்ணியா இருக்குன்னு அண்ணன் தினமும் என்னைத் திட்டுவாரு."

தகி ரொட்டியைத் தோய்த்து வாயில் போடுகிறான். "இன்னைக்கும் தண்ணியாத்தான்டா இருக்கு."

இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு முடிக்கிறார்கள். ஃபிதா அதைக் கழுவவில்லை. கல்மேல் வைத்து, ஆணியை நிறுத்தி, சுத்தியலால் ஒரே அடி. அவன் தட்டைத் தூக்கிப் பார்க்கிறான். துளை வழியே, மிச்சமிருந்த பருப்பு ஒரு சொட்டு அவன் முழங்காலில் விழுகிறது.